மொறிஸ் மைனரின் வலப்பக்கம்

அப்போதிக்கரி ஐயாவின் மொறிஸ் மைனர் எந்த நிலத்தில் நின்றாலும் வலப்பக்கம் சரிந்துதான் நிற்கும். சீமெந்து முற்றத்தில் நின்றாலும் கோயில் வீதி மணலில் நின்றாலும் அந்தச் சரிவு மாறாது. இடப்பக்கத்து முன்சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் என் கையை நிமிர்த்தி வைக்கலாம். வலப்பக்கத்தில் இரண்டு விரல் நுழைவதே கஷ்டம். பள்ளத்தில் இறங்கும்போது ரயர் மட்காட்டின் உட்புறத்தை உரசி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே, ஐயா காங்கேசன்துறை வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார் என்று பெரியையா சொல்லிவிடுவார். "வலப்பக்கம் இன்னும் இறங்கிப்போச்சு" என்பார், கையிலிருந்த வேலையிலிருந்து தலை நிமிராமலே.

பெரியையாவின் கராச் இணுவிலில், எங்கள் வீட்டு வேலிக்கு மறுபக்கம் இருந்தது. நான்கு பனைமரத் தூண்கள், மேலே கிடுகு, பின்புறம் தகரம், நடுவே செம்மண் தரை. வருடக்கணக்காக ஒயில் ஊறி அந்த மண் கறுத்து இறுகியிருந்தது. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்காது, மேலாகவே ஓடிப்போகும். நான் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சட்டையை மாற்றினேனோ இல்லையோ வேலிப் பொட்டுக்குள்ளால் கராச்சுக்குப் போய்விடுவேன். பொம்பிளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று பெரியம்மா கேட்பார். "விளக்குப் பிடிக்க ஆள் வேணும்" என்று பெரியையா பதில் சொல்லுவார். அது உண்மை. காருக்கடியில் பகலிலும் இருட்டுத்தான், ரோர்ச் லைற் இருந்தாலும் அதற்குப் பற்றறி கிடையாது.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமல் போயிற்று. பெற்றோல் நின்றது. அரசு தடைசெய்த பொருட்களின் பட்டியலில் பற்றறி இருந்தது, சீமெந்து இருந்தது, வாகன உதிரிப்பாகங்கள் இருந்தன. ஆனாலும் வீதியில் கார்கள் ஓடின. பழைய ஒஸ்ரினும் மொறிசும்தான். காபரேற்றருக்குள் ஒரு சின்னப் போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் இருமிக்கொண்டாவது அந்த எண்ணெயில் ஓடும். புதிய யப்பான் கார்கள் பல, வீட்டுக் கொட்டிலில் கற்களின் மேல் ஏறி நின்றுவிட்டன. பிரசவ வலிக்கும் பாம்புக்கடிக்கும் செல் பட்ட காயத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்கு ஓடியவை இந்த மண்ணெண்ணெய்க் கார்களே. அப்போதிக்கரி ஐயா பென்சன் எடுத்தவர். எடுத்த பிறகும் மருந்துப் பெட்டியோடு ஊரூராகப் போய் நோயாளி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கார் நின்றால் உடுவிலிலும் ஏழாலையிலும் சிலருக்கு மருந்து நிற்கும்.

அந்தக் காரை எனக்கு மிகவும் பிடிக்கும். இடம் வலம் திரும்பும்போது கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து மஞ்சள் நிறச் சின்னக் கை ஒன்று வெளியே நீளும். பொனெற்றின் நடுவால் முன்னிருந்து பின்னாகத் தட்டையான ஒரு பட்டை போகும். அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே நிற்பேன். அந்தப் பட்டைக்கு ஒரு கதை இருக்கிறது என்று பிற்காலத்தில் வாசித்தேன். மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். முதல் செய்த மாதிரி ஒடுங்கலாக இருப்பதாக அவருக்குப் பட்டது. காரை நீளவாட்டில் இரண்டாக வெட்டி, பாதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, நான்கு அங்குலம் அகட்டினால் சரி என்று முடிவெடுத்தார். அந்த நான்கு அங்குலம்தான் பொனெற்றின் நடுவே பட்டையாக நின்றுவிட்டது. இசிகோனிஸ் 1906இல் ஸ்மேர்னா என்ற துறைமுக நகரில் பிறந்தவர். 1922இல் போரால் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறி, கப்பலில் மால்ட்டாவுக்குப் போய், பிறகு தாயோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். 1948இல் லண்டன் கண்காட்சியில் காட்டப்பட்ட மைனர் 1971வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. ஊரிழந்த ஒருவர் வரைந்த கார், வேறொரு முற்றுகைக்குள் மண்ணெண்ணெயில் ஓடியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் ஓர் உரிமை வந்துவிடுகிறது.

மைனரின் முன்பக்கத்தில் சுருள் வில் கிடையாது, பட்டை வில்லும் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக, நீளமான உருக்குக் கம்பி இரண்டு காருக்கடியில் நீளவாட்டில் கிடக்கும். டோர்சன் பார் என்பார் பெரியையா. கம்பியின் முன்நுனி சில்லைத் தாங்கும் கீழ்க்கையில் பூட்டியிருக்கும். பின்நுனி, முன் ஆசனங்களுக்குக் கீழே போகும் குறுக்குச் சட்டத்தில் ஒரு லீவரால் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கும். சில்லு மேலே எழும்பும்போது ஈரத்துணியைப் பிழிவதுபோலக் கம்பி முறுகும். முறுகிய கம்பி திரும்ப நிமிரப் பார்க்கும். காரின் முன்பாரத்தை அந்த நிமிரும் விருப்பம்தான் தாங்கிக்கொண்டு நிற்கிறது. வருடம் போகப்போக உருக்கும் கொஞ்சம் அயர்ந்துவிடும். சாரதி இருக்கும் பக்கம் முதலில் அயரும். நம் நாட்டில் அது வலப்பக்கம்.

இதற்கு மருந்தையும் இசிகோனிஸ் உள்ளேயே வைத்திருந்தார். கம்பியின் நுனியைச் சுற்றி நுண்ணிய பற்கள் வெட்டியிருக்கும், லீவரின் துளைக்குள்ளும் அதே பற்கள். லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டினால் அந்தப் பக்கம் உயரும். புத்தகத்தில் சில வரியில் முடிகிற வேலை.

ஆனால் ஐயாவின் கார் பல வருடம் பருத்தித்துறையில், கடலை அண்டிய வளவில் நின்ற கார். அலையடிக்கும் காலத்தில் உப்புத்தூவல் சுவரில் படியும் வீடு அது. குறுக்குச் சட்டத்தின் மூலையில் மண் சேர்ந்து, மண்ணில் ஈரம் சேர்ந்து, ஈரத்தில் உப்புச் சேர்ந்து, லீவர் எது சட்டம் எது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒரே கறளாகியிருந்தது. பெரியையா கீழே படுத்து, தகரத்துண்டால் சுரண்டினார். செதில் செதிலாக விழுந்தது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த என் கையிலும் கண்ணிமையிலும் விழுந்தது. கறள் இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும் என்று அன்றைக்குத்தான் சொன்னார். வெளியில் பிடித்தால் உதிர்ந்துவிடும். புரிக்குள்ளும் பல்லுக்குள்ளும் பிடித்தால் அதற்கு விரிய இடமில்லை, அங்கேயே வீங்கி ஆப்பாக இறுகிவிடும். இறுக்கி வைத்தவர் கை இறுக்கியதைவிட இறுக்கம்.

ஐயா குந்திக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். "கழருமோ தம்பி?"

"கழரும் ஐயா. எப்ப எண்டு சொல்ல ஏலாது."

"உடைஞ்சால்?"

பெரியையா பதில் சொல்லவில்லை. உடைந்தால் என்ன என்பது ஐயாவுக்கும் தெரியும். ஒரு போல்ட்டின் தலை முறிந்தால் அதற்குப் பதில் போல்ட் ஓமந்தைக்கு அப்பால்தான் இருந்தது. டோர்சன் பார் முறிந்தால் கார் இல்லை. அந்தக் காலத்தில் தென்னிலங்கையில் காலிப் பக்கம் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்று வெகுகாலம் கழித்து அறிந்தேன். ஒரே தீவு. அங்கே செய்த ஒரு நட்டு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது, இணுவிலுக்கு வரவில்லை.

அதனால் பெரியையாவின் வேலை முழுவதும் உடைக்காமல் கழற்றுவது பற்றியதாக இருந்தது. முதல் வேலை எண்ணெய். கறளுக்குள் ஊறிப்போக வேண்டுமென்றால் மெல்லிய எண்ணெய் வேண்டும். ஊறிய பிறகு காய்ந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் தடித்த எண்ணெயும் வேண்டும். மண்ணெண்ணெயையும் வடித்தெடுத்த பழைய எஞ்சின் ஒயிலையும் கலந்து அவர் ஒரு கலவை செய்வார். ஆனால் மண்ணெண்ணெய் என்பது அந்த நாளில் எங்கள் வீட்டு வெளிச்சம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரியை மயிர்க்கனமாக வைத்து, அதைச் சுற்றி இருந்துதான் நாங்கள் படித்தோம். பெரியையா ஒரு தேநீர்க் கோப்பையைத் தந்து, அரைவாசி வாங்கிவரச் சொன்னார். அம்மா எண்ணெய்ப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கோப்பையைப் பார்த்தார். ஆருடைய காருக்கு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கோப்பை அரைவாசிக்கு மேலேயே நிரம்பியது. அன்றிரவு எங்கள் விளக்கு வேளைக்கே அணைந்துவிட்டது.

அந்தக் கலவையை ஊற்றவில்லை. கோழி இறகு ஒன்றால் தொட்டுத் தொட்டு வைத்தார். பிறகு கந்தைத் துணியைக் கலவையில் நனைத்து லீவரைச் சுற்றிக் கட்டி, மேலே சாக்குத் துண்டால் மூடினார். "இனிப் போய்ப் படியுங்கோ பிள்ளை" என்றார். அடுத்த நாள் போனபோதும் துணியை நனைத்தார், படிக்கச் சொன்னார். அதற்கடுத்த நாளும் அதுவே நடந்தது. வேலை பழகிக்கொண்டிருந்த சின்னண்ணைக்குப் பொறுக்கவில்லை. ஒழுங்கை முடிவில் கொல்லர் பட்டடை இருந்தது. சிரட்டைக்கரி நெருப்பில் லீவரைச் சிவக்கக் காய்ச்சினால் தன்னாலே இளகும் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. இறுகிய நட்டுக்கு நெருப்புத்தான் முதல் வைத்தியம். வெளியிலுள்ள இரும்பு சூட்டில் விரிய, உள்ளே கறள் நொறுங்கும்.

"நட்டுக்குச் சரி. இதுக்கு நெருப்புக் காட்டக்கூடாது."

"ஏன் பெரியவர்?"

"உருக்குக்கு ஒரு பதம் வைச்சிருக்கு. நெருப்புக் காட்டினால் பதம் போயிடும். பிறகு முறுகும், நிமிராது. நகக்கீறல் அளவு வெட்டு விழுந்தாலே அந்த இடத்தில ஒரு நாளைக்கு முறியும். நெருப்பெண்டால் சொல்லவேணுமோ?"

கழற்றுமுன் இருந்த இடம் தெரியவேண்டும் என்று சின்னண்ணை சென்ரர் பஞ்சால் கம்பியிலும் லீவரிலும் ஒரு புள்ளி குத்தப் போனார். அதற்கும் விடவில்லை. நம்பர் தகட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை பெயின்றைக் குச்சியால் தொட்டு, இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். வலக்கம்பி, இடக்கம்பி என்று அடையாளமும் எழுதச் சொன்னார். ஒரு பக்கமாகவே முறுகிப் பழகிய கம்பியை மறுபக்கம் மாற்றிப் பூட்டினால் அது தாங்காது என்பது நான் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது.

லீவரைக் குறுக்குச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுக்கு வருகிறேன். அதற்கு ஒரு முழுப் பின்னேரம் போனது. பெரியையாவிடம் இரண்டு ஸ்பனர்ப் பெட்டிகள் இருந்தன. ஒன்று அங்குலக் கணக்கு, மற்றது மில்லிமீற்றர். யப்பான் கார் பழகிய கைகள் மில்லிமீற்றர் ஸ்பனரைத்தான் முதலில் எடுக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், அதற்கு 13 போட்டால் பிடிக்கும், ஆனால் ஒரு மயிரிழை ஆடும். கறள் பிடிக்காத போல்ட் அந்த ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். இறுகிய போல்ட் பொறுக்காது, மூலைகள் மழுங்கிப்போகும்; மழுங்கினால் பிறகு எந்த ஸ்பனரும் பிடிக்காது. அவர் முதலில் கம்பித் தூரிகையால் போல்ட்டின் ஆறு பக்கத்தையும் இரும்பின் நிறம் தெரியும்வரை தேய்த்தார். கறளின் கனத்தோடு அளவெடுத்தால் அளவு பிழைக்கும். பிறகு அங்குல ஸ்பனரைப் போட்டு, ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது எனக்கு அன்று விளங்கவில்லை. கழற்றவேண்டிய போல்ட்டை இறுக்கினார். உடம்பின் முழுப் பலத்தையும் கொடுக்காமல், ஒரு சின்ன இழுவை மட்டும். "கழற்றுறதுக்கு முதல் ஒருக்கா இறுக்கிப் பாக்கவேணும் பிள்ளை. எந்தப் பக்கமெண்டாலும் பரவாயில்லை, அது முதல் அசையவேணும்." அசையவில்லை. தலையில் சின்னச் சுத்தியலால் தட்டினார், நேராக, பலமில்லாமல், விட்டுவிட்டு. பிறகு பட்டடையிலிருந்து ஒரு சிவந்த இரும்புத் துண்டைக் குறட்டால் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார். இந்தப் போல்ட் கம்பியிலிருந்து தள்ளி, லீவரின் மறுநுனியில் இருந்தது. சூடு கம்பிக்குப் போகாதபடி நடுவில் ஈரச்சாக்கைச் சுற்றியிருந்தார். சிவந்த இரும்பைப் போல்ட்டின் தலையில் மட்டும் அழுத்திப் பிடித்தார். எண்ணெய் புகைந்தது. இரும்பை எடுத்ததும், மாதா கோயிலிலிருந்து சேர்த்து வைத்திருந்த மெழுகுதிரிக் கட்டை ஒன்றைப் போல்ட்டின் கழுத்தில் தொட்டார். மெழுகு உருகி, ஓடி வழியாமல் புரிக்குள்ளே உறிஞ்சப்பட்டு மறைந்தது. விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரும்பு மெழுகைக் குடித்தது, அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பொம்மர் வந்தது. சத்தம் வடக்கிலிருந்து கேட்டவுடனே பெரியம்மா பங்கரடியில் நின்று கூப்பிட்டார். சில்லுக் கழற்றிப் பனங்குற்றியில் ஏற்றி நின்ற காருக்கடியிலிருந்து வருவது எளிதல்ல. பெரியையா முதலில் என்னைக் காலில் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். குண்டுகள் தூரத்தில், சுன்னாகத்துக்கும் அப்பால் விழுந்தன. பங்கருக்குள் ஈரமண் மணம். பெரியையாவின் கையிலிருந்து மெழுகும் மண்ணெண்ணெயும் மணத்தன. சத்தம் ஓய்ந்து வெளியே வந்தபோது போல்ட் ஆறியிருந்தது. அவர் ஸ்பனரைப் போட்டு மறுபடி இறுக்கும் பக்கமாக இழுத்தார். ஒரு சின்ன "டிக்". கழற்றும் பக்கமாகக் கால்சுற்று. திரும்ப இறுக்கினார். எண்ணெய் தொட்டார். பிறகு அரைச்சுற்று. முன்னும் பின்னுமாகக் கொண்டுபோய், ஒவ்வொரு முறையும் புரிக்குள்ளிருந்து செம்பழுப்புத் தூள் எண்ணெயோடு வெளியே வர, அந்தப் போல்ட் முழுதாக அவருடைய உள்ளங்கையில் வந்து கிடந்தது. ஒரு புரிகூடச் சிதையவில்லை. அதை ஒரு சிரட்டையில் போட்டு, மண்ணெண்ணெய் விட்டு, என்னிடம் தந்து கழுவச் சொன்னார்.

நான் இப்போது இருக்கும் டொரொன்டோவில் பனிக்காலம் முழுக்க வீதியில் உப்புப் போடுகிறார்கள். பருத்தித்துறைக் கடற்கரை இங்கே ஊர் முழுவதும் பரந்து கிடக்கிறது என்றே சொல்லலாம். இங்குள்ள கராச்சுகளில் இறுகிய போல்ட்டைக் கண்டால் காஸ் சுவாலையால் வெட்டியெறிந்துவிட்டுப் பெட்டியிலிருந்து புதியதை எடுத்துப் பூட்டுகிறார்கள். மணிக்கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில் அதுதான் நியாயம். ஆனால் அந்தச் சுவாலையின் சத்தம் கேட்கும்போது எனக்கு நெஞ்சு ஒருமுறை இறுகும். போல்ட்டுகள் முடிந்துபோகக்கூடியவை என்பதை அறிந்த ஊரில் வளர்ந்தவள் நான்.

இனி லீவர். இங்கேதான் உண்மையான வேலை. கம்பியின் முறுக்கை இறக்காமல் லீவரில் கைவைக்கக்கூடாது. முறுகிய கம்பி திடீரென்று விடுபட்டால் கையை முறித்துவிடும் பலம் அதற்கு உண்டு. அதனால் அந்தப் போல்ட்டில் ஸ்பனர் போடுமுன்பே பெரியையா முறுக்கை இறக்கியிருந்தார். காரின் பாரம் பனங்குற்றியில் இருக்க, சில்லைத் தாங்கும் கீழ்க்கைக்கு அடியில் இரண்டாவது ஜக்கை வைத்து, கீழ்மூட்டைக் கழற்றி, ஜக்கை மிக மெதுவாக இறக்கினார். கீழ்க்கை கீழே கீழே இறங்கி, ஒரு கட்டத்தில் ஜக்கின் தலையைவிட்டுத் தானே நின்றது. கம்பி அப்போது வெறும் கம்பி. அதற்குப் பிறகுதான் என்னைத் திரும்பக் கிட்ட வரவிட்டார்.

போல்ட் கழன்ற பிறகு, லீவரில் ஊறிய துணியை அவிழ்த்தார். தட்டத் தொடங்கினார்கள், இரண்டு பேருமாக. சின்னண்ணை கனமான சுத்தியல் ஒன்றை லீவரின் தலையில் ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்க, பெரியையா எதிர்ப்பக்கத்தில் சின்னச் சுத்தியலால் அடித்தார். அடி லீவரை நெளிக்காது, ஆனால் அதிர்வு ஊடுருவிப் போகும். அதிர்வில் கறள் வெடிக்கும். வெடித்த இடுக்கால் எண்ணெய் இறங்கும். இடத்தை மாற்றி மாற்றி, லீவரைச் சுற்றி வந்தார்கள். சத்தம் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது, மந்தமாக, அடைத்ததாக.

நெருப்புக் கூடாது என்றவர் அன்று பெரியம்மாவின் கேத்திலைக் கேட்டார். நான் ஓடினேன். பெரியம்மா பிளேன்டிக்குக் கொதிக்க வைத்திருந்த தண்ணீர். பனங்கட்டி நறுக்கி வைத்திருந்த தட்டும் பக்கத்தில் இருந்தது. கேள்வி கேட்காமல் தூக்கித் தந்தார். கொதிநீர் 100 பாகையைத் தாண்டாது. உருக்கின் பதத்தை அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. லீவர் சூடேறி விரியும். ஆனால் சூடு உள்ளே கம்பிக்குப் போய்ச் சேர்ந்தால் கம்பியும் விரிந்துவிடும், வித்தியாசம் இல்லாமல் போய்விடும். ஊற்றுவதற்கும் அடிப்பதற்கும் நடுவில் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம். விரிவும் மயிரிழையில் பாதிதான் இருக்கும். "அது போதும்" என்றார் பெரியையா. கம்பியில் ஈரத்துணி சுற்றி, லீவரின் தலையில் மட்டும் கேத்தில் மூக்கால் ஊற்றினார். உடனே அடி. இடம் மாற்றி அடி. பிறகு எண்ணெய். ஆறவிட்டார். திரும்பக் கேத்தில். பெரியம்மா அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் பிந்தித்தான் கொடுத்தார்.

சத்தம் மாறியதை முதலில் கேட்டவர் அவர்தான். அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். இன்னொரு அடி, மெதுவாக. மந்தமாக இருந்தது கணீரென்று வந்தது. விளக்கைக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். நாங்கள் இழுத்திருந்த வெள்ளைக்கோட்டில், லீவரும் கம்பியும் சந்திக்கும் இடத்தில், நூல்கனத்துக்கு ஒரு கறுப்புப் பிளவு தெரிந்தது. லீவர் நகர்ந்திருந்தது. சின்னண்ணை உற்சாகத்தில் அலவாங்கை எடுத்தார். "கெதிப்படாதை" என்றார் பெரியையா. மரக்கட்டை ஒன்றை வைத்து, பக்கத்துக்குப் பக்கம் சமமாகத் தட்டி, கோணாமல் நேராகவே கொண்டுவந்தார். பற்களைவிட்டு லீவர் நழுவியபோது, உள்ளே இருந்த தூள் கோப்பித்தூள் நிறத்தில் அவர் நெஞ்சில் கொட்டியது.

பழைய பல்துலக்கும் பிறஷ் ஒன்றால் அந்தப் பற்களைச் சுத்தப்படுத்தும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்தேன். வெளியே கருகிய கறள், உள்ளே போகப்போகச் செந்நிறம், அடியில் சாம்பல்நிற உருக்கு, அதில் 1950களில் ஓர் இயந்திரம் வெட்டிய கோடுகள் அப்படியே இருந்தன. அவ்வளவு உப்புக்கும் அந்தப் பற்களில் ஒன்றுகூடத் தின்னப்படவில்லை. பெரியையா அதை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல சாமான்" என்றார். அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

பூட்டுவது கெதியாக முடிந்தது. வெள்ளைக்கோட்டிலிருந்து ஒரு பல் தள்ளி லீவரை ஏற்றினார். ஏற்றுமுன் பற்களில் கிறீஸ். கிறீசும் கிடையாது, கற்களில் நின்றுபோன ஒரு காரின் சில்லுப் பெயரிங்குகளிலிருந்து வழித்து எடுத்து வைத்திருந்தார். கீழ்மூட்டுப் புரிகளுக்கும் அதிலேயே பங்கு வைத்தார். மைனரில் அந்தப் புரிகள் கிறீஸ் காய்ந்து தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடிந்து விழும். அந்தக் காரை வைத்திருந்த எவருக்கும் தெரிந்த பயம் அது. நான் கழுவிய போல்ட்டும் தன் துளைக்கே திரும்பிப் போனது. ஜக்கை இறக்கி, காரை முன்னும் பின்னும் தள்ளி, பொனெற்றில் கையூன்றி அமுக்கிவிட்டு, நூலும் அளவுகோலுமாக மட்காட்டிலிருந்து தரைக்கு அளந்தார்கள். வலமும் இடமும் அரை அங்குலத்துக்குள் வந்துவிட்டன. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். இப்போது வலப்பக்கத்திலும் கை போனது.

ஐயா சைக்கிளில் வந்து இறங்கியவர், காருக்கு முன்னால் தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு மருந்துப் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்துப் பெரியையாவிடம் நீட்டினார். உள்ளே பெற்றோல். கூலி பற்றி இருவரும் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. சின்னண்ணை அதிலிருந்து சில சொட்டுக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்தார். மண்ணெண்ணெய்ப் புகை கராச் முழுவதும் நிறைந்தது. ஒழுங்கை முடிவுவரை போய்த் திரும்பி வந்தார்கள். பட்டடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் இறங்கியபோது ரயர் உரசவில்லை.

"அப்ப நான் கொண்டுபோறன்" என்றார் ஐயா.

பெரியையா மறுபக்கம் போய், இடப்பக்கத்து முன்சில்லுக்கு அருகில் குந்தினார். "பாக்க வடிவாத்தான் நிக்குது ஐயா. ஆனா இதுவும் அதே உப்பிலதான் நிண்டது. இண்டைக்கு ஊறவிட்டால் கழரும். ஒரு வருசம் போக, ஆர் பிடிச்சாலும் கழராது."

"ஓடுற காரை ஏன் தம்பி கழற்றுவான்?"

"கழற்றிக் கிறீஸ் போட்டுத் தாறன். பிறகு எந்தக் காலத்திலையும், ஆர் வந்தும் கழற்றலாம்."

ஐயா ஏழாலையில் ஒரு நோயாளியைப் பார்க்கவேண்டும் என்றார். எத்தனை நாள் செல்லும் என்று கேட்டார். சொல்ல ஏலாது என்றார் பெரியையா. ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டுக் காரின் திறப்பைப் பெரியையாவின் கையில் கொடுத்தார், மருந்துப் பெட்டியை எடுத்து சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். சின்னண்ணை ஜக்கை இடப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பெரியையா என்னிடம் தேநீர்க் கோப்பையைத் தந்தார், நான் அம்மாவிடம் எண்ணெய் கேட்க வேலிப் பொட்டுக்குள் குனிந்தேன்.